கல்லும் கடையும் கானமும்

வெளியூருக்கு உல்லாசப் பிரயாணம் செய்கிறவர்கள் தங்கள் பகற்பொழுதையும் இராப்பொழுதையும் மூன்று கூறாக வகுத்துக்கொள்வது வழக்கம். காலையில் அறிவை வளர்க்கும் பொருட்டுப் பொருட்காட்சிசாலைக்கும், பிற்பகலில் வீட்டாருக்கு வாக்களித்த சாமான்களைத் தேடிக் கடைவீதிக்கும், இரவில் விளக்கும் சங்கீதமும் விருந்தும் உள்ள இடங்களுக்கும் செல்வார்கள். செல்லும்போதே முதலாவதைப் புண்ணியம் என்றும், இரண்டாவதைக் கடமை என்றும், மூன்றாவதை ஊர் திரும்பியபின் சற்று அடக்கிச் சொல்லத்தக்க சபலம் என்றும் தமக்குள்ளே ஒரு தராதரம் கற்பித்துக்கொள்வார்கள். அந்தத் தராதரத்தில் எனக்கும் நெடுநாள் நம்பிக்கை இருந்தது. அதைக் குலைத்தது கல்கத்தா நகரமும், அங்கே உள்ள ஒரு கல்வேலியும்.

கல்கத்தாவில் இந்த மூன்று காரியங்களுக்கும் மூன்று திசையில் அலைய வேண்டியதில்லை. அரசாங்கம் ஜவாஹர்லால் நேரு சாலை என்று பெயர் சூட்டியிருந்தும் ஜனங்கள் இன்றும் சௌரங்கி என்றே அழைக்கும் ராஜபாட்டையின் ஒருபுறம் மைதானம் என்னும் பரந்த புல்வெளி. மறுபுறம் பழைய மாளிகைகளின் வரிசை. அந்த வரிசையின் நடுவே இந்தியப் பொருட்காட்சிசாலை நிற்கிறது. அங்கிருந்து வடக்கே சில நிமிஷம் நடந்தால் நியூ மார்க்கெட். தெற்கே சில நிமிஷம் நடந்தால் பார்க் ஸ்ட்ரீட். லேக் மார்க்கெட் பக்கத்தில், தென்னாட்டார் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதியில், வசித்துவரும் என் நண்பர் ஒருவர், "மூன்றையும் ஒரே நாளில் காலால் நடந்தே பார்த்துவிடலாம், வண்டிச் சத்தத்துக்கு ஒரு காசு வேண்டாம்" என்று உற்சாகமூட்டி அழைத்துச் சென்றார். டிசம்பர் மாதக் கடைசி வாரம். நம் ஊர்க் கணக்கில் அது குளிரே அல்ல. ஆயினும் வங்காளத்துப் பெரியவர்கள் காதையும் கழுத்தையும் மூடிய குரங்குக் குல்லாயோடு, இமயமலை அடிவாரத்தில் உலவுகிறவர்களைப் போன்ற ஜாக்கிரதையுடன், மைதானத்து வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பொருட்காட்சிசாலை தோன்றிய வரலாறு சுவையானது. நம்முடைய தரங்கம்பாடியைப் போலவே ஒரு காலத்தில் டேனியர் வசம் இருந்த ஸ்ரீராம்பூரில் வைத்தியராக இருந்த நத்தானியேல் வாலிச் என்னும் தாவர சாஸ்திரி, ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றியபோது கைதியானவர். பின்னர் அவருடைய கல்வியை மதித்து விடுவித்தார்கள். அவர் 1814-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த ஏஷியாட்டிக் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு காட்சிசாலை நிறுவவேண்டும் என்றும், தம் சேகரத்திலிருந்தே சில பொருள்களைத் தருவதாகவும், ஊதியமின்றி அதைப் பராமரிப்பதாகவும் தெரிவித்தார். ஜயித்தவர்களின் தலைநகரத்தில், நேற்றுவரை கைதியாக இருந்த ஒருவரின் யோசனையால் இந்நாட்டின் முதற்பெரும் காட்சிசாலை உருவாயிற்று. இப்போதுள்ள கட்டடம், கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்கும் பெரிய தபாலாபீஸுக்கும் படம் வரைந்த வால்டர் கிரான்வில் என்னும் சிற்பியின் திட்டப்படி எழுந்து, 1878-இல் பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. நடுவே புல்தரை விரித்த பெரிய முற்றம், அதைச் சுற்றி இரண்டு அடுக்காகத் தூண் நிரைத்த தாழ்வாரங்கள், எல்லாம் வெண்மை.

உள்ளே கிராமத்து ஜனங்கள் திரள் திரளாக வந்திருந்தார்கள். குளிர்காலத்தில் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கல்கத்தா வந்து, மிருகக்காட்சிசாலை, விக்டோரியா மண்டபம், இந்தக் காட்சிசாலை ஆகிய மூன்றையும் தரிசித்துப் போவது அவர்களுக்கு ஒரு யாத்திரை. எகிப்து தேசத்து 'மம்மி' கிடக்கும் அறையிலும், பூர்வகால யானைகளின் எலும்புக்கூடுகள் நிற்கும் கூடத்திலும் நெரிசல் மிகுதி. ஒரு மூதாட்டி மம்மியின் பெட்டிக்கு முன்னே நின்று, அறிமுகமில்லாத அந்தப் பிரேதத்துக்குக் கைகூப்பிவிட்டு நகர்ந்ததைக் கண்டேன். விண்கற்கள், பாடம் செய்த பறவைகள், காந்தாரத்துப் புத்தர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தனியே வேண்டும். ஒருநாள் விருந்தாளி அவற்றையெல்லாம் பார்த்துத் தீர்க்க ஆசைப்பட்டால் காலில் வலியும் தலையில் பெயர்ப்பலகைகளும் மட்டுமே மிஞ்சும். ஆகவே நாங்கள் கீழ்த்தளத்தில் பர்ஹுத் கூடத்துக்குள் நுழைந்து, நண்பகல் வரை வெளியே வரவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் ஸத்னா ஜில்லாவைச் சேர்ந்தது பர்ஹுத் என்னும் சிற்றூர். அங்கே கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுந்த பௌத்த ஸ்தூபம் ஒன்றைச் சுற்றிலும், ஒன்பது அடி உயரத்தில் செந்நிறக் கல்லால் ஒரு வேலி அமைத்திருந்தார்கள். தொல்பொருள் துறையின் தலைவரான அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் 1873-இல் அவ்விடத்தைக் கண்டபோது, ஸ்தூபம் அநேகமாக மறைந்துவிட்டிருந்தது. சுற்றுப்புறத்து ஜனங்கள் வீடு கட்டக் கல் வேண்டியபோதெல்லாம் அங்கே வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சியிருந்த வேலியின் பகுதிகளையும் ஒரு தோரண வாயிலையும் அவர் அகழ்ந்தெடுத்து, கல்கத்தாவுக்கு அனுப்பிக் காப்பாற்றினார். இன்று அந்தத் தோரண வாயில் வழியாகவே வேலியினுள் நாம் நுழைந்து, யாத்ரிகர்கள் வலம் வந்ததைப் போலத் தூண் தூணாக வலம் வரலாம். மரவேலைக்காரன் தூணில் துளையிட்டுச் சட்டம் செருகுவதைப் போலவே கல்லிலும் செய்திருக்கிறார்கள். தூண்களின் மீதும் குறுக்குச் சட்டங்களின் மீதும் தாமரை வட்டங்கள், ஜாதகக் கதைகள், யக்ஷர்கள், யக்ஷிகள், யானைகள். புத்தர் பெருமானின் மானிட உருவம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. போதி மரமும் காலி ஆசனமும் பாதச் சுவடும் தர்ம சக்கரமும் அவருக்காக நிற்கின்றன.

என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு வட்டச் சிற்பம். சிராவஸ்தி நகரத்துப் பெருவணிகன் அநாதபிண்டிகன், புத்தருக்கும் அவருடைய சங்கத்துக்கும் வாசஸ்தலம் அமைக்க விரும்பி, ஜேத குமாரனின் உத்தியானவனத்தை விலைக்குக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத குமாரன், தரை முழுவதும் பொன் பரப்பினால் தருகிறேன் என்று நடக்காத விலையைச் சொல்கிறான். வணிகனோ சொன்ன விலையைச் சொன்னபடியே எண்ணி வைக்கத் தலைப்படுகிறான். இந்தக் கதையைத்தான் சிற்பி ஓரிரு முழ அளவுள்ள வட்டத்துக்குள் அடக்கியிருக்கிறான். ஒரு பக்கத்தில் நாணயம் ஏற்றி வந்த கட்டை வண்டி. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட எருதுகள் களைப்பாறுகின்றன. ஒருவன் வண்டியிலிருந்து சுமை இறக்குகிறான். இருவர் தரையில் குந்தி உட்கார்ந்து, சதுரச் சதுரமான காசுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, தளம் பாவும் கொத்தர்களைப் போல அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அக்காலத்து முத்திரை நாணயங்கள் சதுரமாக இருந்ததை அறிந்தவர்கள் அந்தக் காசுகளைக் கண்டதும் புன்னகை செய்வார்கள். நடுவே வணிகன் கையில் கெண்டியுடன் நிற்கிறான். நம் நாட்டில் இன்றும் தானம் செய்கிறவர்கள் தாரை வார்ப்பதைப் போல, நீர் வார்த்து வனத்தைத் தத்தம் செய்யப்போகிறான். மறுபக்கத்தில் குமாரனின் பரிவாரம் ஆச்சரியத்தோடு கூடி நிற்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு கிரயப் பத்திரத்தைக் கல்லில் செதுக்கி, புனிதமான வேலியில் பதித்திருக்கிறார்கள்.

இன்னொரு தூணுக்கு நண்பர் என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே தேவலோகத்தில் ஒரு நாட்டியக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. ஸுபத்ரை, பத்மாவதி, மிச்ரகேசி, அலம்புஸை என்ற நான்கு அப்ஸரஸுகள் கையை வீசி ஆடுகிறார்கள். ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் அவளுடைய பெயர் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. அவர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பெண்கள் சிலர் உட்கார்ந்து, தாளம் போடுகிறார்கள், முழவு கொட்டுகிறார்கள், நம் பழைய இலக்கியங்கள் வருணிக்கும் வில்யாழைப் போல வளைந்த தண்டுடைய யாழை மடியில் சாய்த்து மீட்டுகிறார்கள். துறவிகளின் ஸ்தூபத்தைச் சுற்றிய வேலியிலே வியாபாரத்துக்கும் இடம் உண்டு, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இடம் உண்டு என்பதை இரண்டு சிற்பங்களிலும் கண்டபோது, காலையில் நான் மனத்தில் வகுத்துக்கொண்டிருந்த வகுப்பு எனக்கே கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றியது.

வேலி முழுவதும் சிறு சிறு சாசனங்கள் உள்ளன. விதிசை நகரத்து ரேவதிமித்திரனின் மனைவி சாபதேவி முதல் தூணைக் கொடுத்தாள் என்பது ஒரு சாசனம். இப்படியே துறவிகளும் இல்லறத்தாரும், ஆண்களும் பெண்களும், ஊரையும் பெயரையும் பொறித்து ஆளுக்கு ஒரு தூணோ சட்டமோ அளித்திருக்கிறார்கள். நம் கோயில் சுவர்களில் விளக்குக்கு ஆடு விட்டவர்களின் பெயரைப் படித்துப் பழகியவர்களுக்கு இது பரிச்சயமான உலகம். இரண்டு உலகங்களிலும் புழங்கிய ஒருவரும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் சாசனங்களைப் பதிப்பித்த ஜெர்மானியப் பண்டிதர் ஹுல்ஷ் அவர்களே பர்ஹுத் சாசனங்களையும் ஆராய்ந்து வெளியிட்டார். இந்த எழுத்தை முதலில் படித்துக் காட்டியவர் கல்கத்தா நாணயசாலையில் உலோகம் மாற்றுப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப். சாஞ்சியின் வேலியில் இருந்த சிறு சாசனங்கள் பலவும் ஒரே எழுத்துக்களில் முடிவதைக் கவனித்த அவர், இவை கொடையைக் குறிப்பவையாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்தார். அந்த ஊகத்தைத் திறவுகோலாகக் கொண்டு 1837-இல் பிராமி எழுத்து முழுவதும் திறந்துகொண்டது. காசின் மாற்றுப் பார்த்தவர் கண்ணுக்குத்தான் கொடுத்தவர்களின் எழுத்துப் புலப்பட்டது.

நண்பகல் உணவுக்குப் பின் நியூ மார்க்கெட்டுக்கு நடந்தோம். சிவப்புச் செங்கல்லும் கூரிய முகடுகளும் மணிக்கூண்டும் கொண்ட இந்தச் சந்தை 1874-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. பழைய நாட்டுச் சந்தைகளின் நெரிசலில் புழங்க விரும்பாத வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று கேட்டு வாங்கிய சந்தை இது. நகராட்சித் தலைவராக இருந்த ஸர் ஸ்டூவர்ட் ஹாக் அதைக் கட்டுவதில் முனைந்து நின்றதால் 1903-இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பெயர் பலகையில் இருக்க, ஜனங்களின் வாயில் மட்டும் அது நூற்றைம்பது ஆண்டுகளாகப் புதிய மார்க்கெட்டாகவே இருந்துவருகிறது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், 1985-இல் ஒரு பெருந்தீ ஒரு பகுதியை விழுங்கிற்று, சந்தை மட்டும் எதற்கும் அசையவில்லை. எந்த நாட்டுச் சந்தையின் நெரிசலுக்கு அஞ்சி அவர்கள் இதைக் கட்டினார்களோ, அந்த நெரிசல் முழுவதும் இப்போது இதற்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது.

பிரம்புக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுமைக்காரர்கள் நம் பின்னாலேயே வருகிறார்கள். பூக்கடை வரிசை, உலர்ந்த பழங்களின் வரிசை, பேரீச்சம்பனை வெல்லம் உருண்டு கிடக்கும் வரிசை எல்லாவற்றையும் தாண்டிச் சென்றால், 1902-இல் பாக்தாத் யூதர் ஒருவர் தொடங்கிய நாஹூம் ரொட்டிக்கடை. கறுத்த தேக்கு மரப் பலகைகளும் கண்ணாடி அலமாரிகளும் பழமை மாறாமல் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் வாரமாதலால் 'பிளம் கேக்' வாங்குவதற்கு வரிசை சந்தைக்குள்ளே வளைந்து வளைந்து நின்றது. யூதர் குடும்பத்தின் கடையிலே, முஸ்லிம் தொழிலாளர்கள் சுட்ட பலகாரத்தை, கிறிஸ்துவப் பண்டிகைக்காக, ஹிந்து கிருஹஸ்தர்கள் குரங்குக் குல்லாயோடு நின்று வாங்குகிறார்கள். சமரஸத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிசையில் அரைமணி நேரம் நின்றால் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று நண்பர் சொன்னார்.

சேலைக்கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் எங்களை உட்காரவைத்தார்கள். மணி மூன்றாகியும் தமக்கு இன்னும் போணியே ஆகவில்லை என்று கடைக்காரர் முகத்தைச் சுளிக்காமல் சாதித்தார். சாந்திபூரின் பருத்திச் சேலை, தேசப் பிரிவினைக்குப் பின் டாங்காயில் பகுதியிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்கள் புலியாவில் நெய்யும் சேலை, ஜம்தானி என்று ஒவ்வொன்றாக உதறி விரித்தார். ஜம்தானியின் பூவேலை ஊசியால் தைப்பதல்ல. நெய்யும்போதே, ஒவ்வொரு பூவுக்கும் தனி நூலை, குறுக்கிழை ஓடும் இடைவெளியில் கையாலேயே செருகிச் செருகி எழுப்புவது. அதைக் காட்டுவதற்காக அவர் முந்தானையைத் திருப்பி, உட்புறத்தில் மாங்காய்ப் பூவின் கோடியில் நின்ற நூல்முனைகளை விரல் நுனியால் நெருடிக் காட்டினார். மேலும் விரித்துக்கொண்டே போனார். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்பைத் தொட, ஒரு நாழிகைக்குள் மெத்தையின் வெண்மை தெரியாமல் மறைந்துவிட்டது. ஜேதவனத்தின் தரையில் காசு பரப்பியவர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் அங்கே வாங்குகிறவன் பரப்பினான், இங்கே விற்கிறவர் பரப்புகிறார். நண்பர் வங்காளியிலே, "தாதா, ஏக்டு கொமான்" என்று விலையைக் குறைக்கச் சொல்ல, கடைக்காரர் கண்களை மூடித் தலையசைக்க, நாங்கள் எழுந்திருக்க, அவர் மறுபடி உட்காரவைக்க, அந்தப் பேரம் ஒரு நாட்டியம் போலவே கதியும் ஜதியும் பிசகாமல் நடந்து முடிந்தது.

பொழுது சாய்ந்தபின் தெற்கே திரும்பிப் பார்க் ஸ்ட்ரீட்டை அடைந்தோம். இப்போது அன்னை தெரஸாவின் பெயர் தாங்கிய அந்த வீதிக்கு, ஆதியில் இடுகாட்டுக்குப் போகும் பாதை என்னும்படியான ஒரு பெயரே வழங்கிற்று. 1767-இல் திறந்த ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டம் அதன் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஏஷியாட்டிக் சங்கத்தை 1784-இல் நிறுவிய ஸர் வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் அடங்கியிருக்கிறார். பின்னாளில், தலைமை நீதிபதி இம்பேயின் மான் உலவிய பூங்காவைக் கொண்டு பார்க் ஸ்ட்ரீட் என்னும் பெயர் வந்தது. அதற்கும் பின்னால், ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள் 1927-இல் ஃப்ளூரிஸ் தேநீர்க்கடையைத் திறந்தார்கள். அவர்களோடு கூட்டாளியாயிருந்து பிரிந்தவர் பெயரால் எதிரே ட்ரிங்காஸ் தோன்றிற்று. 1950-களிலும் 60-களிலும் மொகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ் என்று விடுதிக்கு விடுதி மேடையும் வாத்தியக் கோஷ்டியும் ஏற்பட்டன. ஆங்கிலோ-இந்தியரும் கோவா நாட்டாருமான வித்துவான்கள் இரவெல்லாம் 'ஜாஸ்' வாசித்தார்கள். ப்ளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த லூயிஸ் பாங்க்ஸ் அவர்களைக் கேட்டு மயங்கிய திரையிசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன், அவரைப் பம்பாய்த் திரையுலகுக்கு அழைத்துச் சென்றார்.

நம்மவர் பெருமைப்படத்தக்க ஒரு செய்தியும் இந்த வீதிக்கு உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப் என்று புகழ்பெற்றவர், சென்னை மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடத் தொடங்கி, 1969-இல் ட்ரிங்காஸ் மேடைக்கு வந்தார். பளபளக்கும் மேல்நாட்டு உடையை எதிர்பார்த்திருந்த சபையின் முன்னே, பட்டுச்சேலையும் பூவும் பொட்டுமாக நின்று, கனத்த குரலில் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். கல்கத்தா அவரைத் தன் பெண்ணாகவே சுவீகரித்துக்கொண்டது. பிறகு கேளிக்கை வரி உயர்வாலும், அரசியல் கலவரங்களாலும், ஓயாத மின்வெட்டாலும் இந்த வீதியின் சங்கீதம் மெலிந்தது. பல மேடைகள் மறைந்தன.

ட்ரிங்காஸ் மேடையில் இன்றும் பாட்டு நடக்கிறது. சாப்பிடும் மேஜைகளுக்கு நடுவே சிறிய மேடை. கிதாரும் தாளவாத்தியமும் பாடகியும். வேண்டிய பாட்டைச் சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அறுபது வயதுத் தம்பதிகள், பரீட்சை முடிந்த மாணவர்கள், தாத்தாவின் பிறந்தநாளுக்காக மூன்று தலைமுறையாக வந்த ஒரு குடும்பம் என்று கூட்டம் பலவிதம். ஒரு பழைய பாட்டு எழுந்தவுடன் அந்தத் தாத்தா முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பாட்டு முடியும் வரை உணவைத் தொடவில்லை. இரவு விடுதி என்றால் ஒழுக்கக் குறைவு என்று கருதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் அந்த முகத்தை ஒருமுறை கண்டிருக்க வேண்டும். வெளியே வந்தால் வீதி நெடுக விளக்குத் தோரணங்கள். சிவப்புக் குல்லாய் அணிந்த குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஜனங்கள், வாங்குவதற்கும் விற்பதற்கும் எதுவுமில்லாமல், நடக்கும் சுகத்துக்காகவே நடக்கிறார்கள்.

மெட்ரோ ரயிலில் நண்பர் வீட்டுப் பக்கமான காளிகட்டுக்குத் திரும்பும்போது, காலையில் கண்ட ஜேதவனச் சிற்பத்தில் நான் அதிகம் பேசாத ஒன்றை நண்பர் எடுத்துச் சொன்னார். அதன் சாசனத்தில் வணிகனின் பெயர் உண்டு. வண்டி ஓட்டியவன் பெயரும் காசு அடுக்கியவர்கள் பெயரும் இல்லை. எனினும் சிற்பி அவர்களுக்கு வட்டத்தில் தாராளமாக இடம் கொடுத்தான். நுகம் அவிழ்த்த எருதுகளின் அலுப்பைக்கூடச் சிரத்தையோடு செதுக்கினான். பட்டயத்தில் பெயர் ஏறாதவர்களுக்கு உளி நியாயம் செய்தது. சந்தையில் கூடை கவிழ்த்து நின்றவர்களையும், மேடையில் பின்வரிசையில் தாளம் கொட்டியவரையும் அந்த நியாயத்தோடு பார்க்கக் கற்றுக்கொடுக்காவிட்டால், ஒரு பொருட்காட்சிசாலை எதற்கு இருக்கிறது?

ஆகையால் கல்கத்தாவுக்குச் செல்லும் அன்பர்களுக்கு நான் கூறுவது இது. காட்சிசாலைக்கு விடுமுறையான திங்கட்கிழமையை விட்டு வேறொரு நாளில், பசியும் சோர்வும் தலைகாட்டாத காலைப்பொழுதில், முதலில் பர்ஹுத் வேலியைச் சுற்றி வாருங்கள். அதன்பின் மனத்துக்குப் பிடித்த சேலையைப் பேரம் பேசி வாங்குங்கள். இரவில் பாட்டுக் கேளுங்கள். இரண்டுக்காகவும் ஊர் திரும்பிச் சமாதானம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. கிரயம் கொடுத்தவனையும் ஆடிய பெண்களையும் ஒரே வேலியில் பெயர் பொறித்து வைத்தவர்கள் நம்மைவிடப் பெரிய துறவிகளை அறிந்தவர்கள்.